மலையகத்தில் படம் எடுக்கப் போகிறவர்கள் விடும் பிழைகள்

நுவரெலியாப் பக்கம் போய்வந்தவர்களின் படங்களைப் புரட்டினால் பாதிக்கு மேல் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். மங்கிய தேயிலை, வெளுத்த வானம், இருக்கிற இடம் தெரியாத மலை. கமரா சரியில்லை என்பார்கள், லென்ஸ் போதாது என்பார்கள். பெரும்பாலும் பிழை கமராவைக் கையில் எடுப்பதற்கு முன்னரே நடந்திருக்கும்: தவறான மாதத்தில், தவறான சரிவுக்கு, தவறான நேரத்தில் போயிருப்பார்கள்.

மலையகம் முழுவதற்கும் ஒரே மழைக்காலம் என்று நினைப்பதில் தொடங்குகிறது வினை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை எல்லாம் நனைந்து கிடக்கும். அதே நாட்களில் மலைத்தொடருக்கு மறுபுறம், ஊவாவில், பண்டாரவளையும் பதுளையும் காய்ந்து காற்றடித்துக்கொண்டிருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை நிலைமை தலைகீழ். வடகீழ்ப் பருவமழை ஊவாவில் இறங்கும். மேற்குச் சரிவு மெல்லத் தெளியும். சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் டிசம்பர் போயாவில் (பூரணை நாளில்) தொடங்கி வெசாக் போயாவில் முடிவதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஓகஸ்ட்டில் லீவு கிடைத்தால் எல்ல, பண்டாரவளைப் பக்கம் போங்கள். ஜனவரி கடைசியில் கிடைத்தால் நுவரெலியா, ஹட்டன். இரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் காலை தெளிவாக இருந்து, பிற்பகலில் இடியோடு கொட்டும். ஒக்டோபருக்குப் பிறகு மண்சரிவு எச்சரிக்கையையும் பார்த்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். எச்சரிக்கை விடுத்த பிரதேசத்துக்குள் படத்துக்காக இறங்குவது அறிவல்ல.

எல்லோரும் போவது ஏப்ரலில். பூ இருக்கும், கூட்டமும் இருக்கும். ஆனால் ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டி நண்பகல் வெயில் நுவரெலியாவுக்கு நேர் உச்சியில் நிற்கும் (செப்டெம்பர் முதல் வாரத்திலும் அப்படியே). நிழல் காலடியில் ஒடுங்கிவிடுவதால் மலைக்கு மேடு பள்ளமே தெரியாது. பதினொரு மணிக்கு எடுத்த மலைப்படம் தட்டையாக விழுவது அதனால்தான். பூவைக் கிட்டப்போய் எடுப்பதற்கு ஏப்ரல் நல்லது. மலையை எடுப்பதற்கு அவ்வளவு நல்லதில்லை.

நேரத்தில் ஏமாறுவது இன்னும் சுலபம். நம் நாட்டில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறும். குளிர்நாடுகளில் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டுப் பொன்வெயில் ஒரு மணிநேரம் நிற்கும் என்று நம்பக்கூடாது. இங்கே அது அரை மணிநேரம் தாங்கினால் பெரிய விஷயம். ஆண்டு முழுவதும் உதயம் ஏறத்தாழ 5.50க்கும் 6.30க்கும் இடையில்தான். அதற்கு முக்கால் மணிநேரம் முன்பே ட்ரைபொட்டை விரித்து நிற்க வேண்டும். உதிக்கும் இடமும் ஜூனிலிருந்து டிசம்பருக்குள் அடிவானத்தில் 47 பாகை நகர்ந்துவிடும். ஜூலையில் ஒரு மலையிடுக்கில் எழும்பிய சூரியனை ஜனவரியில் அதே இடுக்கில் தேடினால் கிடைக்காது.

ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்னும் செங்குத்துப் பள்ளத்தின் விளிம்புக்குப் போகிறவர்கள் சுற்றுப்பாதையை எந்தப் பக்கத்தால் தொடங்குவது என்று யோசிப்பதேயில்லை. பாதை சுமார் ஒன்பதரைக் கிலோமீற்றர். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி விளிம்பை மூடிவிடும். ஆகவே முதலில் உலக முடிவு, திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சி. நீர்வீழ்ச்சிக்கு மப்பு வானம்தான் நல்லது; வெயில் விழுந்தால் நுரை வெளிறிப்போகும். நுழைவாயிலில் பைகளைப் பார்த்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். கமராவுக்குப் பொலித்தீன் பையை நம்பிப் போகாமல் துணியில் தைத்த மழையுறை கொண்டுபோங்கள்.

சிவனொளிபாதமலை உச்சியில் எல்லோரும் கிழக்கைப் பார்த்தபடியே நிற்பார்கள். உதயமான உடனே மேற்குப் பக்கம் திரும்புங்கள். வானம் தெளிவாக இருந்தால், மலையின் நிழல் முக்கோணமாகப் பனிமூட்டத்தின் மேல் நீண்டு கிடக்கும். சூரியன் ஏற ஏற அது சுருங்கிவிடும்.

தேயிலைக்கு வருவோம். தேயிலை மலை எப்போதும் பச்சையாக இருக்கும் என்பது வெளியூர்க்காரர் நினைப்பு. கவ்வாத்து வெட்டிய (செடிகளைக் கட்டையாக வெட்டிவிட்ட) மலையில் இலையே இருக்காது, வெறும் குச்சிகள்தான். திரும்பவும் பச்சை பிடிக்க மாதக்கணக்காகும். போன வருடம் யாரோ எடுத்த படத்தைப் பார்த்துத் தேடிப்போய் மொட்டை மலையைக் காண்கிறவர்கள் நிறையப் பேர். தோட்டத்தில் இருக்கும் யாரையாவது கேட்டால் எந்த மலை கவ்வாத்து, எதில் நாளைக்குக் கொழுந்து என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். கொழுந்து எடுக்கும் முறை ஒரு மலைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஒருமுறை வரும். எடுப்பதற்கு முதல் நாள் செடியின் தலையில் இளங்கொழுந்து மஞ்சள் கலந்த பச்சையில் நிமிர்ந்து நிற்கும். பின்னாலிருந்து காலை வெயில் அடித்தால் ஒவ்வொரு துளிரும் ஒளி ஊடுருவித் தனித்தனியாகத் தெரியும். எடுத்து முடிந்த மறுநாள் அதே மலை கரும்பச்சை, வெட்டிவிட்ட மேசை மாதிரி. இந்த ஒரு நாள் வித்தியாசத்தை எந்தப் பில்டரும் ஈடுகட்டாது.

ஜனவரி, பெப்ரவரியில் உறைபனியைத் தேடி உயரத்துக்கு ஏறுவதும் வீண் வேலை. காற்றில்லாத, முகில் இல்லாத இரவில் குளிர்காற்று கீழே வழிந்து பள்ளத்தில் தேங்கும். நுவரெலியாக் குதிரைப் பந்தயத் திடல், அம்பேவெலப் புல்வெளி, மரக்கறித் தோட்டத்துப் பாத்திகள் போன்ற தாழ்ந்த இடங்களில்தான் புல் வெளுக்கும். வெயில் பட்டதும் கரைந்துவிடும்.

இனிக் கமராவுக்குள் நடக்கும் பிழைகள். மூடுபனியைக் கண்டதும் கமராவின் ஒளியளவி வெள்ளையை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். அதனால்தான் பனி அழுக்குத் துணிபோல் விழுகிறது. எக்ஸ்போஷரை +0.7 முதல் +1.3 வரை கூட்டுங்கள். போனில் என்றால் திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே இழுங்கள். பனிக்குள் ஓட்டோபோகஸ் பிடி கிடைக்காமல் முன்னும் பின்னும் அலையும். ஒரு மரத்தின் விளிம்பைப் பிடித்து போகஸ் செய்து பூட்டிவிடுங்கள். வைட் பெலன்ஸை (நிறச் சமநிலையை) ஓட்டோவில் விட்டால் விடியற்காலை நீலத்தைக் கழுவிவிடும். 5200 கெல்வினுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

மழை விட்ட தேயிலை இலை கண்ணாடியாகப் பளபளத்துப் பச்சையை மறைக்கும். போலரைசர் பில்டர் வாங்கினால் அந்தப் பளபளப்பைக் குறைப்பதற்காகத்தான் வாங்க வேண்டும். அதே பில்டரை அகல லென்ஸில் மாட்டி வானத்தையும் சேர்த்து எடுத்தால் நீலம் ஒரு பக்கம் கறுத்து, மறுபக்கம் வெளிறித் திட்டாகும். வானவில்லையும் அது விழுங்கிவிடும். நீர்வீழ்ச்சிக்கு ஐ.எஸ்.ஓ. 100, லென்ஸ் துவாரம் எஃப் 8 அல்லது 11, ஷட்டர் கால் செக்கனிலிருந்து ஒரு செக்கன். மெதுவாக்குவதற்காக எஃப் 22 வரை ஒடுக்கினால் படமே மென்மையாகிவிடும். சென் கிளேயர் நீர்வீழ்ச்சிக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். அங்கே விழும் தண்ணீர், அதற்கு மேலே இருக்கும் 'மேல் கொத்மலை' அணையில் எவ்வளவு விடுகிறார்கள் என்பதையும் பொறுத்தது. மழை பெய்தால் நிறைந்து கொட்டும் என்று நம்ப முடியாது.

கொழுந்து எடுக்கும் பெண்களைக் கேட்காமல் எடுப்பது பிழைகளிலேயே மோசமானது. அவர்கள் கிலோக் கணக்குக்கு வேலை செய்கிறவர்கள். நிறுத்திவைத்துச் சிரிக்கச் சொன்னால் அவர்களுடைய கொழுந்துதான் குறையும். "அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நிறுவை நேரத்தில் கேட்டால் பெரும்பாலும் சம்மதம் கிடைக்கும். லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின்) வாசலும் வீட்டு வாசல்தான் என்பதையும் மறக்க வேண்டாம். எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தில் தண்டவாளத்தில் நின்று எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பனிக்குள் கோச்சி (ரயில்) வருவது கடைசி வளைவு வரை தெரியாது.

வீடு திரும்பிய பிறகு நடக்கும் சேதம்தான் செலவு கூடியது. அதிகாலைக் குளிரில் இருந்த கமராவை அப்படியே சூடான அறைக்கோ கீழே கண்டிக்கோ கொண்டுவந்தால் கண்ணாடிக்குள் ஈரம் படியும். வெளியிலேயே மெமரி கார்ட்டைக் கழற்றிக்கொண்டு, கமராவைப் பைக்குள் வைத்து இறுக மூடி, உள்ளே வந்து முக்கால் மணிநேரம் திறக்காமல் விடுங்கள். மழை மாதங்களில் அலுமாரிக்குள் வைத்த லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். தோல் உறையில் என்றால் இன்னும் விரைவில். காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி போதும். 40 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் என்றால், மாறியதும் சமையல் ஓவனில் 120 பாகை செல்சியஸில் உலர்த்தித் திரும்பப் பாவிக்கலாம். அரிசியைப் போடாதீர்கள், அதன் தூசி லென்ஸ் வளையத்துக்குள் போய்விடும்.