தாம்பரம் டு மதுரை மின்சார காரில்: வழிச் சார்ஜிங்கைத் திட்டமிடுவது எப்படி?

மின்சார கார் வாங்கி, வீட்டில் சார்ஜ் போட்டு, தினமும் ஆபீசுக்கு ஓட்டுகிற பலர் தீபாவளிக்கு ஊருக்குப் போக மட்டும் மச்சானின் பெட்ரோல் காரைக் கேட்கிறார்கள். வழியில் சார்ஜர் வேலை செய்யாவிட்டால் பிள்ளைகுட்டியோடு நடுரோட்டில் நிற்க வேண்டுமே என்ற பயம். பயம் நியாயமானதுதான். அதனால் இந்தப் பதிவு பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே போகும்: போய் நிற்கிற சார்ஜர் செத்துக் கிடந்தால் என்ன செய்வது?

உதாரணத்துக்கு எனக்குப் பழகிய தாம்பரம்–மதுரை சாலை. சுமார் 440 கி.மீ. கார், 45 யூனிட் பேட்டரி உள்ள நெக்ஸான். வேறு கார் என்றால் எண்கள் மாறும், கணக்குப் போடும் விதம் மாறாது. டயர் காற்று, ஃபாஸ்டேக் இருப்பு இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

படி 1: 10 சதவீதத்துக்கு எத்தனை கிலோமீட்டர்?

விளம்பரத்தில் இந்தக் காருக்கு 489 கி.மீ. என்று இருக்கும். அது சோதனைக்கூடக் கணக்கு. நெடுஞ்சாலையில் அதை மறந்துவிடுங்கள். டேஷ்போர்டு காட்டுகிற மீதி ரேஞ்சையும் முழுதாக நம்ப வேண்டாம். நேற்று ஊருக்குள் மெதுவாக ஓட்டியதை வைத்து அது இன்றைக்கு ஆசை காட்டும்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு எண்: 10 சதவீத சார்ஜில் எவ்வளவு தூரம் போகும்? 45 யூனிட்டில் 10 சதவீதம் என்றால் 4.5 யூனிட். ஏசி போட்டு, நான்கு பேர் உட்கார்ந்து, 90 கி.மீ. வேகத்தில் போனால் கிலோமீட்டருக்கு 150 வாட் மணி ஆகும் (ஒரு யூனிட் என்பது 1,000 வாட் மணி). அப்படியானால் 30 கி.மீ. அதே கார் 110ல் போனால் 180 வாட் மணி வரை இழுக்கும், 25 கி.மீ.தான் கிடைக்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவதால் வருகிற வித்தியாசம் இது. விழுப்புரம் தாண்டி ரோடு காலியாக இருக்கும்போது இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் செங்கல்பட்டு வரை காரில் ஒரு நடை போய்வந்தால் உங்கள் காருக்கான இந்த எண் கையில் இருக்கும்.

படி 2: சார்ஜரைத் தேடுவது

முதல் வரைபடத்துக்கு ஏபிஆர்பி (ABRP, A Better Routeplanner) என்கிற ஆப் போதும். கார் மாடலைச் சொன்னால் எங்கே நிறுத்த வேண்டும் என்று ஒரு கோடு போட்டுக் கொடுக்கும். அந்தக் கோட்டை அப்படியே வேதவாக்காக எடுக்காமல், அடுத்து பிளக்‌ஷேர் என்கிற ஆப்பைத் திறந்து ஒவ்வொரு இடத்திலும் கடைசியாக யார், எப்போது சார்ஜ் போட்டார்கள் என்று பாருங்கள். கடைசிப் பதிவு போன வாரம் என்றால் நம்பலாம். நான்கு மாதம் முன்பு என்றால் அந்த இடம் என் பட்டியலில் கிடையாது, எவ்வளவு பெரிய சார்ஜராக இருந்தாலும் சரி.

தேடும்போது வடிகட்டியில் சிசிஎஸ்2 (CCS2) என்கிற பிளக் வகையை மட்டும் வையுங்கள். இன்று இங்கே விற்கிற கார்களில் பெரும்பாலானவற்றுக்கு டிசி வேகச் சார்ஜிங் இந்த வாய் வழியாகத்தான். வடிகட்டாமல் தேடினால் ஸ்கூட்டர் சார்ஜர்கள், பழைய 15 கிலோவாட் பாரத் டிசி-001 சார்ஜர்கள் எல்லாம் சேர்ந்து வந்து, வழியெங்கும் சார்ஜர் குவிந்து கிடப்பதுபோல் தோன்றும். டிசி-001 கன் (கேபிள் முனையில் காரில் மாட்டுகிற பிளக்) உங்கள் காரில் நுழையவே நுழையாது.

அடுத்தது கிலோவாட், அதாவது சார்ஜ் ஏறுகிற வேகம். சார்ஜர் 120 என்று போட்டிருந்தாலும் கார் எவ்வளவு வாங்குமோ அவ்வளவுதான் ஏறும். அதேபோல 60 கிலோவாட் இரட்டைக் கன் சார்ஜர்கள் பலவற்றில், பக்கத்தில் இன்னொரு கார் வந்து மாட்டினால் ஆளுக்கு 30 ஆகப் பிரிந்துவிடும். நான் எல்லாக் கணக்கையும் 30க்கே போடுகிறேன். அதிகம் வந்தால் லாபம்.

இந்தச் சாலையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. 2022லேயே பாரத் பெட்ரோலியம் சென்னை–திருச்சி–மதுரை வழியைத் தன் முதல் வேகச் சார்ஜிங் வழித்தடமாக அறிவித்தது. அதற்குப் பிறகு டாடா பவர், கோயம்புத்தூர்க்காரர்களான ஜியான், ஸ்டாட்டிக் என்று பலர் ஹோட்டல் வாசல்களில் சார்ஜர் போட்டிருக்கிறார்கள். என் தேர்வு எப்போதும் கழிப்பறை சுத்தமாக இருக்கிற சாப்பாட்டுக்கடை வாசல்தான். முக்கால் மணி நேரம் நிற்கப் போகிறோம். வெயிலில் பெட்ரோல் பங்க் ஓரத்தில் நிற்பதைவிட இட்லி சாப்பிட்டுக்கொண்டு நிற்கலாம்.

படி 3: அடுத்த சார்ஜருக்கான மிச்சம்

வெளிநாட்டு வீடியோக்களில் 10 சதவீதத்தில் போய்ச் சேரு, அப்போதுதான் வேகமாக ஏறும் என்பார்கள். பேட்டரி காலியாக இருக்கும்போது வேகமாக ஏறும் என்பது உண்மை. ஆனால் அது ஒரே இடத்தில் பன்னிரண்டு கன் வரிசையாக இருக்கிற ஊருக்கான அறிவுரை. நம் சாலையில் பல இடங்களில் இருப்பது ஒரு பெட்டி, இரண்டு கன். ஆகவே நான் கடைப்பிடிப்பது இது: ஒரு சார்ஜரை அடையும்போது, அது வேலை செய்யாவிட்டால் அடுத்த சார்ஜர் வரை போகிற அளவும், அதற்கு மேல் 10 சதவீதமும் பேட்டரியில் இருக்க வேண்டும்.

கணக்கு இப்படி வரும். தாம்பரத்தில் 100 சதவீதம். உளுந்தூர்பேட்டை சுமார் 175 கி.மீ., அதற்கு 58 சதவீதம் போகும், மிச்சம் 42. அங்கே சார்ஜர் படுத்திருந்தால் பெரம்பலூர் இன்னும் 75 கி.மீ., 25 சதவீதம். 17 சதவீதத்தோடு போய்ச் சேர்ந்துவிடலாம். நடுவில் வேப்பூர், தொழுதூர் பக்கமும் பார்த்து வைத்தால் இன்னும் நிம்மதி. உளுந்தூர்பேட்டையில் எல்லாம் ஒழுங்காக இருந்தால் 80 வரை ஏற்றிக்கொண்டு கிளம்பலாம். ஏறுவது ஏறக்குறைய 17 யூனிட், 30 கிலோவாட் சார்ஜரில் 40 நிமிடம் பக்கம்.

அங்கிருந்து திருச்சி 130 கி.மீ. போல, போகும்போது 37 சதவீதம் இருக்கும். பெரிய ஊர் என்பதால் ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று. மறுபடி 80 ஏற்றினால் மதுரை 135 கி.மீ., 35 சதவீதத்தோடு வீட்டு வாசல்.

80க்கு மேல் ஏன் போகவில்லை என்றால், அதற்குமேல் பேட்டரி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசி 20 சதவீதத்துக்கு ஆகிற நேரத்தில் அடுத்த ஊரில் பாதி வேலை முடிந்துவிடும். பின்னால் ஒருவர் காத்திருந்தால் 80ல் எடுத்துவிடுவதுதான் மரியாதையும்கூட.

படி 4: முந்தின நாள் இரவு

எந்தெந்த நிறுவனச் சார்ஜர் என்று முடிவானதும் அந்தந்த ஆப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கி, மொபைல் எண்ணைச் சரிபார்த்து, வாலட்டில் பணம் போட்டு வையுங்கள். பல ஆப்களில் முன்பணம் இல்லாமல் கன் ஓடாது. நெடுஞ்சாலை ஓரத்தில் சிக்னல் ஒரு கோடு வந்து போகிற இடத்தில் ஓடிபிக்காகக் காத்திருப்பது பெரும் கொடுமை. யூனிட் 20 ரூபாய்க்கு மேல், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று வைத்தால் ஒரு நிறுத்தத்துக்கு 500 ரூபாய் போதும்.

பிறகு ஒரு போன். சார்ஜர் இருக்கிற ஹோட்டலுக்கே கூப்பிட்டு, “அண்ணே, கார் சார்ஜர் ஓடுதா? நாளைக்குக் கரண்ட் இருக்கும்ல?” என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றால் காலை 9 மணிக்குப் போன கரண்ட் வர 2 மணியோ அதற்கு மேலோ ஆகும். ஹோட்டலில் ஜெனரேட்டர் ஓடும், விளக்கு எரியும், காபி வரும். சார்ஜர் மட்டும் ஓடாது, ஏனென்றால் அந்த ஜெனரேட்டரால் அவ்வளவு பாரம் இழுக்க முடியாது. ஆப்பில் அப்போதும் பச்சை காட்டினாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

படி 5: கன் மாட்டுவது

எளிதான வேலை போலத் தெரிகிற இந்த இடத்தில்தான் என் நேரம் அதிகம் போயிருக்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

கன்னை மாட்டியதும் கரண்ட் பாயாது. முதலில் காரும் சார்ஜரும் பேசிக்கொள்ளும். கார் கன்னை உள்ளிருந்து பூட்டும், ‘டக்’ என்று சத்தம் வரும். சார்ஜர் இன்சுலேஷன் சரியா என்று சோதிக்கும். கார் தனக்கு எவ்வளவு வோல்டேஜ், எவ்வளவு ஆம்பியர் என்று சொல்லும். இதெல்லாம் ஒத்துப்போன பிறகுதான் உள்ளே காண்டாக்டர் என்கிற சுவிட்ச் மூடிக் கரண்ட் வரும். ஒரு நிமிடம்வரை ஆகலாம். இருபது விநாடியில் பொறுமை இழந்து ஆப்பில் மறுபடி மறுபடி தட்டினால் எல்லாம் குழம்பி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

காரை ஆஃப் செய்து, கதவுப் பூட்டைத் திறந்து வைத்துவிட்டு மாட்டுங்கள். கன்னை முழுதாக உள்ளே தள்ளுங்கள். கேபிள் கனமானது, அதன் எடையில் கன் கீழே தொங்கினால் பின்கள் சரியாக உட்காராமல் பேச்சு பாதியில் அறுந்துவிடும். பூட்டுகிற சத்தம் கேட்கும்வரை கன்னைக் கையால் லேசாக மேலே தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். வேலை செய்யாத சார்ஜர் என்று திட்டப்படுகிற பலவற்றை இந்த ஒரு கை சரிசெய்துவிடும்.

ஆப்பில் நீங்கள் எடுத்த கன் ஏ-வா பி-யா என்று பார்த்துத் தொடங்குங்கள். பக்கத்துக் கன்னுக்குப் பணம் கட்டிவிட்டு நிற்பவர்கள் நிறைய.

திரையில் ஏதோ பிழை என்று காட்டினால் முதலில் அந்தச் சிவப்புக் காளான் பொத்தானைப் பாருங்கள். அவசர நிறுத்தப் பொத்தான். யாராவது குழந்தை அழுத்திவிட்டுப் போயிருக்கும். தீயோ புகையோ அறுந்த கேபிளோ இல்லை என்று பார்த்துவிட்டு, அதில் அம்புக்குறி போட்ட திசையில் திருகினால் வெளியே வந்துவிடும். அப்படியும் சரியாகவில்லை என்றால் கன்னை எடுத்து அதன் கூட்டில் வைத்து, காரை ஒருமுறை பூட்டித் திறந்து, ஒரு நிமிடம் விட்டு மறுபடி. அடுத்து இரண்டாவது கன். கடைசியாக, பெட்டியில் ஒட்டியிருக்கிற உதவி எண். சார்ஜர் எண்ணைச் சொன்னால் தூரத்திலிருந்தே ரீசெட் செய்து கொடுப்பார்கள். இவ்வளவுக்கும் நான் கொடுப்பது பதினைந்து நிமிடம். அதற்குமேல் மல்லுக்கட்டாமல் அடுத்த சார்ஜருக்குக் கிளம்பிவிடுவேன். படி 3ல் மிச்சம் வைத்தது இதற்காகத்தான்.

முடிந்ததும் கன் வரவில்லையா? ஆப்பில் நிறுத்தி, சாவியால் காரைத் திறந்து, பிறகு இழுங்கள். கார் பூட்டியிருக்கும்வரை பல மாடல்களில் கன்னும் பூட்டியே இருக்கும்.

படி 6: தங்குகிற இடத்தில்

ஊர்வீட்டில் ஏசிக்கோ கீசருக்கோ போட்ட 15 ஆம்பியர் சாக்கெட் போதும். காரோடு வந்த கையடக்கச் சார்ஜர் மணிக்கு சுமார் 3 யூனிட் இழுக்கும். இரவு பத்து மணி நேரத்தில் 60 சதவீதம் ஏறிவிடும். சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜ் ஏறாவிட்டால் பெரும்பாலும் எர்த் சரியில்லை. எர்த்தை ஏமாற்றுகிற பிளக் ஒன்றை இணையத்தில் விற்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், காரின் உடம்பிலேயே கரண்ட் வரலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடுங்கள். அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், சுடுகிறது என்றால் கழற்றிவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: மழையில் மாட்டலாமா என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். மாட்டலாம். கன் பூட்டி, சோதனை முடிந்த பிறகுதான் அதில் கரண்ட் வரும். கன் தண்ணீரில் விழுந்து கிடந்தால் மட்டும் தொடாதீர்கள்.

பின்சேர்க்கை 2: ஊட்டி போகிறவர்களுக்கு மேலே சொன்ன 30 கி.மீ. கணக்கு உதவாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 50 கி.மீ.தான், ஆனால் ஏறுவது ஏறத்தாழ 1,900 மீட்டர். ஆட்களோடு 1,800 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்கவே 10 யூனிட் வேண்டும். தூரத்துக்கானதையும் சேர்த்து 40 சதவீதம் ஒதுக்குங்கள். ஊட்டியில் 100 ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். இறக்கத்தில் மோட்டார் தயாரிக்கிற கரண்டை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடம் இருக்காது, பிரேக்கைத்தான் மிதித்துக்கொண்டு வர வேண்டும். 70, 75 போதும்.

பின்சேர்க்கை 3: மதுரையோடு நிற்காமல் நாகர்கோவில் போகிற ஒருவர், திருநெல்வேலிக்குப் பிறகு சார்ஜ் மளமளவென்று இறங்கியதாக எழுதியிருந்தார். மாதத்தைக் கேட்டேன், ஜூலை என்றார். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது கார் எம்மாத்திரம்! காவல்கிணறு தாண்டி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே மேற்கு நோக்கிப் போகிறீர்கள், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நேராக முகத்தில் அடிக்கும். மணிக்கு 40 கி.மீ. வேக எதிர்க்காற்றில் 90ல் ஓட்டினால் காருக்கு அது 130ல் போவது மாதிரி. தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிற ஜூன் முதல் செப்டம்பர் வரை திருநெல்வேலியில் வழக்கத்தைவிட 10 சதவீதம் கூடுதலாக ஏற்றிக்கொண்டு, அந்தத் துண்டில் 70 கி.மீ. வேகத்தில் போங்கள். திரும்பி வரும்போது காற்று முதுகுப் பக்கம், ஏற்றியதில் கொஞ்சம் மிச்சமே இருக்கும்.