ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

வேலூரில் ஸ்லீப் ஸ்டடி (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) முடித்து ரிப்போர்ட்டோடு குடியாத்தமோ ஆம்பூரோ திரும்புகிறவர்கள் முதலில் ஏ.ஹெச்.ஐ. எண்ணைத் தேடுங்கள். தூக்கத்தில் மணிக்கு எத்தனை முறை, குறைந்தது 10 நொடி, மூச்சு நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்ற கணக்கு அது. பெரியவர்களுக்கு 5 முதல் 14 வரை லேசு, 15 முதல் 29 வரை நடுத்தரம், 30உம் அதற்கு மேலும் தீவிரம்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் 90 சதவீதத்துக்குக் கீழே எத்தனை நிமிடம் இருந்தது என்ற வரியையும் பாருங்கள். ஏ.ஹெச்.ஐ. 12தான், ஆனால் ஒரு மணி நேரம் 90க்குக் கீழே கிடந்தது என்றால் அதை லேசு என்று விடக்கூடாது. ஏ.ஹெச்.ஐ. மல்லாந்து படுத்தபோது 40, ஒருக்களித்தபோது 8 என்று பிரிந்திருந்தால், படுக்கும் விதத்தை மாற்றுவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

வீட்டில் எடுத்த டெஸ்ட்டில் பல கருவிகள் விழித்துக் கிடந்த நேரத்தையும் சேர்த்து வகுப்பதால் எண் குறைந்து காட்டும். ரிசல்ட் நார்மல், பகலிலோ கண் சொக்குகிறது என்றால் லேபில் ஒரு ராத்திரி படுத்துப் பார்ப்பதே சரி. பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுகிறவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.