மெனியர் நோய்த் தலைச்சுற்றலைக் கையாளும் முறை

உள்காதில் எண்டோலிம்ஃப் என்னும் திரவம் அளவுக்கு மீறித் தேங்குவதோடு தொடர்புடைய நாட்பட்ட கோளாறே மெனியர் நோய். தலைச்சுற்றலுக்குக் காதே மூலமாக இருக்கக்கூடும் என்று பிரெஞ்சு மருத்துவர் புராஸ்பர் மெனியர் 1861-இல் எடுத்துக்காட்டும் வரை, இத்தகையோரை மூளை நோயாளிகளாகவே பெரிதும் கருதி வந்தனர்.

முதலில் நோய் இதுதானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். மெனியர் சுற்றல் பொதுவாக 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கும். அதோடு ஒரு காதில் இரைச்சலும் அடைப்பும் கேட்புக் குறைவும் சேர்ந்து வரும். படுக்கையில் புரளும்போது வந்து ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும் சுற்றல் பெரும்பாலும் வேறு வகை. எப்லி முறை என்னும் தலைப்பயிற்சி அதற்குரியதே அன்றி மெனியருக்கு உதவாது. பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, முகக்கோணல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அது பக்கவாதமாக இருக்கலாம் என்பதால், உடனே அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.

சுற்றல் தொடங்கியதும், கட்டில் வரை போய்விடலாம் என்று எண்ணாமல், நின்ற இடத்திலேயே தரையில் அமர்ந்துவிடுங்கள். அந்த நாலடி தூரத்திலேயே விழுந்து அடிபடக்கூடும். கதவின் கைப்பிடி போன்ற அசையாத ஒரு பொருளில் பார்வையை நிறுத்தி, தலையைத் திருப்பாமல் இருங்கள்; குமட்டல் தணிந்தபின் தண்ணீரைச் சிறுகச் சிறுகப் பருகலாம். புரோகுளோர்பெரசின் போன்ற சுற்றலடக்கும் மாத்திரைகள் இந்நேரத்துக்கு மட்டுமே உரியவை. பயத்தினால் அவற்றை வாரக்கணக்கில் தொடர்ந்தால், இழந்த சமநிலையை மூளை ஈடுசெய்துகொள்ளும் பணி தாமதப்படும்.

உண்மையான சிகிச்சை இரு தாக்குதல்களுக்கு இடைப்பட்ட நாட்களில் நடப்பது. சோடியத்தை நாளொன்றுக்கு 1,500 முதல் 2,000 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொள்ளுமாறு மருத்துவர்கள் வழக்கமாகக் கூறுவர். ஒரு தேக்கரண்டி உப்பிலேயே ஏறத்தாழ 2,300 மில்லிகிராம் இருப்பதால், சமையலில் குறைத்தால் மட்டும் போதாது. பொட்டல உணவுகளின் உறையில் அச்சிட்ட சோடிய அளவையும் படிக்க வேண்டும். உப்பைக் குறைப்பது பயன்தரும் என்பதற்கான ஆய்வுச் சான்று வலுவானதன்று. ஆயினும் இழப்பில்லாத முயற்சி என்பதால் மூன்று மாதம் செய்து பார்க்கலாம் என்பதே என் கருத்து. இந்நோய்க்குப் பரவலாகத் தரப்படும் பீட்டாஹிஸ்டின் என்னும் மாத்திரை, 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், தாக்குதல்களைக் குறைப்பதில் போலி மாத்திரையை விஞ்சவில்லை. இதற்காக அதைத் தாமாக நிறுத்திவிடாமல், தொடர்வதா என்று மருத்துவரிடம் கேட்பதே முறை.

தாக்குதல் வந்த நாள், நீடித்த நேரம், முந்தைய இரவின் உறக்கம், காது இரைச்சலின் மாற்றம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். மருந்து பயனளிக்காதபோது செவிப்பறை வழியாக ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு. அதற்கும் அடங்காதவர்களுக்குத் தரப்படும் ஜென்டாமைசின் ஊசி சுற்றலை நன்கு கட்டுப்படுத்தினாலும் கேட்புத்திறனைக் குறைக்கக்கூடும். எனவே அண்மையில் எடுத்த கேட்புப் பரிசோதனை முடிவையும் அக்குறிப்பேட்டையும் காது மூக்கு தொண்டை மருத்துவர் முன் வைத்து, மற்றக் காதின் நிலையையும் கேட்டறிந்த பின்னரே அதற்கு இசைய வேண்டும்.