வசந்தத்துக்கு முன்பே நூலகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்

எங்கள் பொது நூலகத்தில், வருகிறவர்கள் விதைக்க எடுத்துப்போகும் விதைகளை வைத்திருக்கும் விதைப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர் நான். சனிக்கிழமை காலையில் கவுண்டருக்குப் பக்கத்து மேஜையில் இருப்பேன். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் கடைசியில் யாராவது ஆசையோடு வந்து, "தக்காளி விதை இருக்கா?" என்று கேட்பார்கள். இருக்காது. பிப்ரவரியில் நிரப்பி வைத்தது மார்ச் பாதியிலேயே தீர்ந்திருக்கும். வெறுங்கையோடு அவர்கள் திரும்புவதைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, வசந்தம் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போதே ஒரு நடை போய்விட்டு வருவது. அறிவிப்புப் பலகையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், நூலகரிடமே "அடுத்த மூன்று மாதத்துக்கு என்னென்ன நிகழ்ச்சி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பலகையில் ஒட்டாத பாதி விஷயம் அவர் வாயிலிருந்துதான் வரும். மார்ச் 21 உலகக் கவிதை நாள், ஏப்ரல் 2 சர்வதேச குழந்தைகள் புத்தக நாள், ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். இந்தத் தேதிகளை ஒட்டிப் பல நூலகங்களில் ஏதாவது நடக்கும். ஏப்ரல் 2 என்பது ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனின் பிறந்த நாள். 1967 முதல் அந்த நாளை ஒட்டித்தான் குழந்தைகள் புத்தக நாளைக் கொண்டாடுகிறார்கள்.

நிகழ்ச்சி இலவசம் என்றாலும் பெயர் பதிவு செய்யச் சொல்வார்கள். கையால் ஏதாவது செய்யும் பயிற்சி என்றால் இடம் குறைவு, சீக்கிரம் நிரம்பிவிடும். நிரம்பிவிட்டது என்று சொன்னாலும் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு, அன்று காலை ஒரு போன் செய்யுங்கள். கடைசி நேரத்தில் வர முடியாமல் போகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். உங்களால் போக முடியாவிட்டால் நீங்களும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்த நாற்காலிக்கு வேறொருவர் காத்திருப்பார்.

அப்புறம் புத்தகம். உங்கள் நூலகம் தூயி தசம முறையில், அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்து, அடுக்கப்பட்டிருந்தால் தோட்டக்கலை 635, பறவைகள் 598, பூச்சிகள் 595.7. இந்த மூன்று எண்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு நேராக அந்த அலமாரிக்குப் போங்கள். 635 இருக்கும் தட்டு ஏப்ரலில் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும், அதனால் வேண்டியதைப் பிப்ரவரியிலேயே முன்பதிவு செய்துவிடுங்கள். பறவைக் கையேடு எடுக்கும்போது படம் அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், உங்கள் வட்டாரத்துப் பறவைகள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில நூலகங்களில் பைனாகுலர்கூட இரவல் கிடைக்கும். விசாரித்துப் பாருங்கள்.

சரி, விதைக்கு வருகிறேன். இதைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு ஆசை அதிகம். விதை நூலகம் என்பது எளிமையான ஏற்பாடு: வசந்தத்தில் ஒரு சிறு உறை விதை எடுத்துப் போகிறீர்கள், விதைக்கிறீர்கள், அறுவடைக்குப் பிறகு முடிந்தால் கொஞ்சம் விதையைத் திருப்பித் தருகிறீர்கள். எங்களுடையது பழைய அட்டவணைப் பெட்டியில் இருக்கிறது. புத்தக விவரம் எழுதிய அட்டைகள் இருந்த அந்தச் சின்ன இழுப்பறைகளுக்கு விதை உறைகள் அளவெடுத்தாற்போலப் பொருந்துகின்றன.

முதல் முறை என்றால் பீன்ஸ், பட்டாணி, தக்காளி, இலைக்கோசு (லெட்யூஸ்) ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள். இவை பெரும்பாலும் தம் பூவிலேயே மகரந்தம் சேர்த்துக்கொள்பவை, அதனால் நீங்கள் சேமிக்கும் விதையும் தாய்ச் செடி போலவே வரும். பூசணியும் வெள்ளரியும் அப்படியல்ல. தேனீ பக்கத்துத் தோட்டத்து மகரந்தத்தையும் கொண்டுவந்து சேர்த்துவிடும். உறையில் எஃப்1 என்று இருந்தால் அது கலப்பின விதை. செடி நன்றாக வரும், ஆனால் அதன் விதையிலிருந்து அதே குணத்தை எதிர்பார்க்க முடியாது, பெட்டிக்கும் திருப்பித் தர வேண்டாம்.

தக்காளி விதை சேமிக்கும் முறையை நான் மேஜையிலேயே செய்து காட்டுவேன். நன்றாகப் பழுத்த பழத்தை வெட்டி, விதையைச் சாறோடு ஒரு கண்ணாடிக் குவளையில் வழித்துப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று நாள் மூடாமல் வையுங்கள். மேலே நுரையும் ஆடையும் கட்டும், வாடையும் வரும், பயப்பட வேண்டாம். விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பான உறைதான் அதை முளைக்க விடாமல் தடுத்து வைக்கிறது. புளிக்கும்போது அது கரைந்து போகும். நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். மிதப்பதைக் கொட்டிவிட்டு, வடிகட்டி அலசி, ஒரு தட்டில் பரப்பி நிழலில் காய வையுங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு பிய்க்க முடியாது. காய்ந்ததும் உறையில் போட்டு, வகையின் பெயரையும் வருடத்தையும் எழுதுங்கள். வருடம் எழுதாத உறையைப் பெட்டியில் வைக்க எனக்கு மனம் வராது. வெங்காய விதை ஓரிரண்டு வருடத்திலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும். தக்காளி விதை நான்கு வருடம்கூடத் தாங்கும்.

குழந்தைகளின் கதை நேரத்துக்குப் போகிறவர்கள் பத்து நிமிடம் முன்னதாகப் போய் முன்வரிசையில் உட்காருங்கள். பின்னால் இருக்கும் பிள்ளைக்குப் படம் தெரியாது, கொஞ்ச நேரத்தில் எழுந்து ஓடிவிடும். போன வருடம் முளைக்கும் விதை பற்றி ஒரு கதை சொல்லிவிட்டு, ஆளுக்கொரு பீன்ஸ் விதையும் ஈரக் காகிதமும் கொடுத்தனுப்பினோம். கண்ணாடிப் புட்டியின் சுவருக்கும் காகிதத்துக்கும் நடுவே விதையைச் செருகி வைக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை ஐந்து வயதுப் பையன் ஒருவன் புட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். வெள்ளை வேர் கீழே வளைந்து இறங்கியிருந்தது. "நான் தலைகீழா வெச்சேன், அதுவே திரும்பிடுச்சு" என்றான். நூலகர் உடனே அவனை அலமாரிக்குக் கூட்டிப்போய், செடிகளைப் பற்றிய மூன்று புத்தகங்களை எடுத்துக் கையில் கொடுத்தார்.

உங்கள் நூலகத்தில் விதைப் பெட்டியே இல்லை என்றால், நூலகரிடம் பேசித் தொடங்கலாம். பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஐந்தாறு வகை விதை, சின்னச் சின்ன உறைகள், யார் எதை எடுத்தார்கள் என்று எழுத ஒரு நோட்டு, கவுண்டரில் வெயிலும் ஈரமும் படாத ஒரு மூலை போதும். எங்களுடையது தொடங்கியது ஒரு செருப்புப் பெட்டியில். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் நான்கே பெயர்கள். அவர்களில் இரண்டு பேர் இன்றும் வருடா வருடம் அவரை விதை கொண்டுவந்து தருகிறார்கள்.