எந்த காம்பாக்ட் கேமரா? வாங்கும் முன் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

கடையில் இரண்டு காம்பாக்ட் கேமராக்களைக் காட்டி எது நல்லது என்று கேட்டால், முதலில் மெகாபிக்சல் சொல்வார்கள், அடுத்து ஜூம். வீட்டில், தெருவில், பயணத்தில் எடுக்கும் அன்றாடப் படங்களுக்கு இந்த எண்கள் எவ்வளவு பெரியவை என்பது கடைசியில் பார்க்க வேண்டியது. எவ்வளவு வெளிச்சம் உள்ளே போகிறது, கேமரா உங்கள் பையில் எங்கே உட்காரும், பட்டனை அழுத்திய கணத்தில் படம் விழுகிறதா என்ற வரிசையில் பார்த்தால் பாதி மாடல்கள் தானாகக் கழிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக ஆறு மாடல்களை வைத்துக்கொள்வோம்: சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 (2019), கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3 (2019), ரிக்கோ ஜிஆர் 3 (2019), ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 சிக்ஸ் (2024), கேனான் எஸ்எக்ஸ்740 (2018), தண்ணீருக்குள் இறங்கும் ஓஎம் சிஸ்டம் டிஜி-7 (2023). நீங்கள் பார்க்கும் மாடல் வேறாக இருந்தாலும் கணக்கு இதேதான். விலையை இங்கே எழுதவில்லை. இன்று எழுதினால் அடுத்த மாதம் தப்பாகிவிடும்.

படி 1: உங்கள் போன் கேலரியைத் திறங்கள்

கேமராவைத் தேடுவதற்கு முன் உங்கள் பழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். போனில் உங்களுக்குப் பிடித்த 50 படங்களைத் தனி ஆல்பமாக ஒதுக்குங்கள். ஒவ்வொன்றும் 1x-இல் எடுத்ததா, 2x-இலா, 5x-க்கு மேலா என்று பாருங்கள். போனின் 1x ஏறத்தாழ 24 மி.மீ. லென்ஸுக்குச் சமம், 2x என்றால் 48 மி.மீ.; 5x என்றால் 120 மி.மீ. கேமரா விளம்பரத்தில் வரும் ‘24–100 மி.மீ.’ போன்ற எண்களும் இதே ‘35 மி.மீ. சமான’ கணக்கில்தான் இருக்கும் (35 மி.மீ. ஃபிலிம் கேமராவை அளவுகோலாக வைத்த கணக்கு; எண் கூடினால் காட்சி கிட்ட வரும்).

பெரும்பாலானவை 1x என்றால் ஜூம் இல்லாத லென்ஸே போதும்: ஜிஆர் 3-இன் 28 மி.மீ., அல்லது எக்ஸ்100 சிக்ஸின் 35 மி.மீ. குழந்தை முகம், மேடை, பாதி உருவப் படம் என்று 2x முதல் 4x வரை அதிகம் இருந்தால் ஜி7 எக்ஸ் மார்க் 3-இன் 24–100 மி.மீ. சரியாக வரும். பறவை, விளையாட்டு, கோபுரத்துச் சிற்பம் என்று எட்டாததை இழுத்து எடுப்பவர் என்றால் ஆர்எக்ஸ்100 மார்க் 7-இன் 24–200 மி.மீ. பக்கம் போகலாம்.

ஜூம் இல்லாத கேமராவிலும் படத்தை நறுக்கிக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவரலாம். ஆனால் பிக்சல் குறையும். ஜிஆர் 3-இன் 24 மெகாபிக்சல் படத்தை 50 மி.மீ. அளவுக்கு நறுக்கினால் மிஞ்சுவது சுமார் 7. எக்ஸ்100 சிக்ஸின் 40 மெகாபிக்சலில் அதே 50 மி.மீ.க்குச் சுமார் 20 மிஞ்சும். மெகாபிக்சலுக்கு உண்மையான பயன் உள்ள இடம் இதுதான்.

படி 2: வெளிச்சக் கணக்கு

இந்தப் படிக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். சிறப்பம்சப் பட்டியலிலிருந்து இரண்டு எண்களை எடுங்கள்: சென்சாரின் (படத்தைப் பதிவு செய்யும் சில்லு) நீள அகலம் (மி.மீ.), லென்ஸின் மிகச் சிறிய எஃப் எண் (லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதன் அளவு; எண் சிறிதானால் திறப்பு பெரிது). நீளத்தை அகலத்தால் பெருக்கினால் பரப்பு வரும். எஃப் எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். பரப்பை இதனால் வகுங்கள். வரும் விடை பெரிதாக இருந்தால், அதே ஷட்டர் வேகத்தில் (சென்சாரில் வெளிச்சம் விழும் நேரம்) படத்துக்குக் கிடைக்கும் மொத்த வெளிச்சம் அதிகம். விடை இரண்டு மடங்கானால் அதை ஒரு ‘ஸ்டாப்’ லாபம் என்பார்கள்.

எக்ஸ்100 சிக்ஸ்: 367 ச.மி.மீ., எஃப் 2. விடை 92.
ஜிஆர் 3: 367 ச.மி.மீ., எஃப் 2.8. விடை 47.
ஜி7 எக்ஸ் மார்க் 3: 116 ச.மி.மீ., எஃப் 1.8. விடை 36.
ஆர்எக்ஸ்100 மார்க் 7: 116 ச.மி.மீ., எஃப் 2.8. விடை 15.
டிஜி-7: 28 ச.மி.மீ., எஃப் 2. விடை 7.
எஸ்எக்ஸ்740: 28 ச.மி.மீ., எஃப் 3.3. விடை 2.6.

(‘1 இன்ச் சென்சார்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து 25.4 மி.மீ. என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் அளவு 13.2 × 8.8 மி.மீ.தான். பழைய டிவி கேமராக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து வந்த கணக்கு அது. 1/2.3 இன்ச் என்பது சுமார் 6.2 × 4.6 மி.மீ.)

இப்போது உயர்விலை போன் ஒன்றை இதே கணக்கில் போடுங்கள். 1/1.3 இன்ச் வகைச் சென்சார் சுமார் 72 ச.மி.மீ., லென்ஸ் எஃப் 1.8. விடை 22. அதாவது 1x-இல், ஆர்எக்ஸ்100 மார்க் 7-ஐவிடப் போன் கூடுதல் வெளிச்சம் வாங்குகிறது. போதாததற்குப் பல பிரேம்களை ஒன்றாக அடுக்கி இரைச்சலையும் (வெளிச்சம் குறைந்த படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான கரகரப்பு) குறைத்துவிடும். பெரிய தொகை கொடுத்து கேமரா வாங்கியும் ‘போன் படமே நன்றாக இருக்கிறதே’ என்று பலர் சலித்துக்கொள்வதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

அப்படியென்றால் கேமரா எங்கே ஜெயிக்கும்? ஜூமில். போனில் 2x என்பது பெரும்பாலும் நடுப்பகுதியை நறுக்குவதுதான். அப்போது பரப்பு நான்கில் ஒன்றாகிறது, விடை 22-லிருந்து 5.6-க்கு இறங்குகிறது. அதே இடத்தில் ஜி7 எக்ஸ் மார்க் 3 மோசமாகப் போனாலும் எஃப் 2.8-இல் நிற்கும், விடை 15. இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆர்எக்ஸ்100 மார்க் 7-உம் 200 மி.மீ.யில் எஃப் 4.5 என்ற கணக்கில் 5.7 தருகிறது, அதுவும் எட்டு மடங்கு இழுத்த பிறகு.

எனவே ஜூம் லென்ஸ் என்றால் கணக்கை இரு முனைகளிலும் போடுங்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் எஃப் 1.8 என்பது அகலமான முனைக்கு மட்டும். எங்கள் பார்வையில், 1/2.3 இன்ச் சென்சார் உள்ள சாதாரண ஜூம் கேமராவை இன்றைக்குப் புதிதாக வாங்க ஒரே காரணம் நீண்ட ஜூம். எஸ்எக்ஸ்740-இல் 40 மடங்கு இருக்கிறது. பகலில் அது பயன்படும், விளக்கு வெளிச்சத்தில் கைவிட்டுவிடும். டிஜி-7 வேறு கதை. 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் புகாது, 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும், 1 செ.மீ. தூரத்தில் எறும்பை எடுக்கலாம். அதற்காக வாங்குகிறீர்கள் என்றால் வெளிச்சக் கணக்கை மறந்துவிடலாம்.

படி 3: எடையைவிடத் தடிமன் முக்கியம்

ஜிஆர் 3 257 கிராம், 33 மி.மீ. தடிமன். பேன்ட் பாக்கெட்டில் போகும். ஆர்எக்ஸ்100, ஜி7 எக்ஸ் இரண்டும் சுமார் 300 கிராம், 42 மி.மீ. ஒட்டி. பாக்கெட்டில் நுழையும், ஆனால் துருத்திக்கொண்டு நிற்கும்; கைப்பைதான் வசதி. எக்ஸ்100 சிக்ஸ் 521 கிராம், 55 மி.மீ. கழுத்திலோ தோளிலோ தொங்கவிட வேண்டியது. இதைப் ‘பாக்கெட் கேமரா’ என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். வாங்கப்போகும் அளவுக்கு ஒரு அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி, ஒரு நாள் பையில் வைத்து நடமாடிப் பாருங்கள்.

படி 4: கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

சொந்தமாக ஒரு மெமரி கார்டு கொண்டுபோங்கள். அனுமதி கேட்டு, எடுத்த படங்களை வீட்டில் கணினியில் பாருங்கள். கேமராவின் சின்னத் திரையில் எல்லாப் படமும் கூர்மையாகத்தான் தெரியும்.

முதலில் வேகம். கேமராவை அணைத்து வைத்து, சுவிட்சைப் போட்டு, முதல் படம் விழும்வரை போன் ஸ்டாப்வாட்சில் அளவிடுங்கள். ஜூம் லென்ஸ் வெளியே நீண்டு வர நேரம் பிடிக்கும். ஜிஆர் 3 ஒரு நொடிக்குள் தயாராகிவிடும். தெருவில், குழந்தைகளிடம், அந்த ஒரு நொடியில்தான் படம் இருக்கிறது.

அடுத்து ஃபோகஸ். வெளிச்சம் குறைந்த மூலையில் உடன் வந்தவரை உங்களை நோக்கி நடந்துவரச் சொல்லி, தொடர் ஃபோகஸில் பத்துப் படங்கள் எடுங்கள். ஆர்எக்ஸ்100 மார்க் 7-இலும் எக்ஸ்100 சிக்ஸிலும் ஃபேஸ் டிடெக்ஷன் (phase; முகம் கண்டறிவது அல்ல, ஃபோகஸ் எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று உடனே அறியும் முறை) இருப்பதால் பெரும்பாலானவை கூர்மையாக வரும். ஜி7 எக்ஸ் மார்க் 3-இல் கான்ட்ராஸ்ட் முறை (படம் கூர்மையாகும் இடத்தைத் தேடித் தேடிக் கண்டுபிடிப்பது) மட்டும்தான். லென்ஸ் முன்னும் பின்னும் தேடும், வீடியோவில் அது நன்றாகவே தெரியும். ஓடும் குழந்தைதான் உங்கள் விஷயம் என்றால் இந்தச் சோதனையிலேயே முடிவு வந்துவிடும்.

கடைக்கு வெளியே வெயிலில் கொண்டுபோய்த் திரையைப் பாருங்கள். ஜிஆர் 3, ஜி7 எக்ஸ் இரண்டிலும் வ்யூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் சின்னச் சாளரம்) கிடையாது. ஆர்எக்ஸ்100 மார்க் 7-இல் மேலெழும் சின்ன வ்யூஃபைண்டர் உண்டு. எக்ஸ்100 சிக்ஸில் கண்ணாடி வழியாகவும் மின்திரை வழியாகவும் பார்க்கலாம்.

இரைச்சலை ஒப்பிடும்போதுதான் பலர் தவறுகிறார்கள். இரண்டு கேமராக்களையும் ஒரே இடத்தில், மேசை மேல் வையுங்கள். எதிரே ஜரிகை போட்ட துணியோ நுண்ணெழுத்து லேபிளோ இருக்கட்டும். 2 நொடி டைமர், ஐஎஸ்ஓ (படத்தை எவ்வளவு பிரகாசமாக்குவது என்ற அமைப்பு) 400, 1600, 6400 என மூன்று படங்கள், ரா (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) மற்றும் ஜேபெக் இரண்டிலும். கணினியில் பார்க்கும்போது 40 மெகாபிக்சல் படத்தையும் 20 மெகாபிக்சல் படத்தையும் 100 சதவீதத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. பெரிய படத்தை 20-க்குச் சுருக்கிவிட்டுப் பாருங்கள். ஐஎஸ்ஓ 6400 ஜேபெக்கில் இரைச்சல் இல்லை என்று மகிழ வேண்டாம். ஜரிகை இழைகள் மெழுகிப்போயிருக்கிறதா என்று கவனியுங்கள். ஒரே ஐஎஸ்ஓவில் ஒப்பிட்டால் லென்ஸின் எஃப் எண் கணக்கில் வராது. எஃப் 1.8 கேமரா ஐஎஸ்ஓ 1600-இல் எடுப்பதை எஃப் 2.8 கேமரா அதே ஷட்டர் வேகத்தில் எடுக்க ஏறத்தாழ ஐஎஸ்ஓ 4000 வேண்டும். அந்த ஜோடியைத்தான் அருகருகே வைக்க வேண்டும்.

படத்தில் கிடைமட்டமாகக் கருப்புப் பட்டைகள் விழுந்தால் கேமரா கெட்டுப்போனது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும். எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படிப்பதால் அது பட்டையாக விழுகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றினால் போய்விடும். வீடியோவில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வையுங்கள்.

கடைசியாக லென்ஸின் மூலைகள். சுவரில் செய்தித்தாளைத் தட்டையாக ஒட்டி, நேராக நின்று, மிகச் சிறிய எஃப் எண்ணில் எடுங்கள். நான்கு மூலையும் ஒரேபோல் சற்று மங்கினால் அது இயல்பு. ஒரு மூலை மட்டும் மங்கினால், கேமராவைத் தலைகீழாகப் பிடித்து அதே இடத்திலிருந்து இன்னொன்று எடுங்கள். மங்கல் தாளின் எதிர் மூலைக்கு இடம் மாறினால் லென்ஸ் கண்ணாடி சாய்ந்து பொருந்தியிருக்கிறது, அந்தக் கேமரா வேண்டாம், அதே மாடலில் வேறொன்று கேளுங்கள். தாளின் அதே மூலையிலேயே நின்றால் சாய்த்துப் பிடித்தது நீங்கள்.

படி 5: பழைய கேமரா என்றால்

வெள்ளைச் சுவரை எஃப் 11 அல்லது எஃப் 16-இல், ஃபோகஸ் இல்லாமல் எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறப் புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் இருந்தால் சென்சாரில் தூசி. லென்ஸைக் கழற்ற முடியாததால் இதை வீட்டில் துடைக்க முடியாது, சர்வீஸ் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ஜூமை முழுக்க நீட்டிச் சுருக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் மணல் உள்ளே போயிருக்கிறது, விட்டுவிடுங்கள். டார்ச்சைச் சாய்வாக அடித்து லென்ஸைப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளைகள் தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களில் வைத்திருந்த கேமராவில் இதை இரண்டு முறை பாருங்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா, அது இன்னும் கடையில் கிடைக்கிறதா என்பதும் முக்கியம்.

வெளிநாட்டிலிருந்து தனியாக இறக்கிய புதுக் கேமரா விலை குறைவாக இருக்கும். ஆனால் உள்ளூர் உத்தரவாதம் அதற்கு எடுபடாமல் போகலாம். பில்லும் உத்தரவாத அட்டையும் எந்த நாட்டுக்கு என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

படி 6: வீட்டுக்கு வந்ததும்

பேட்டரி இன்னொன்று கட்டாயம். தரநிலைச் சோதனைப்படி ஜிஆர் 3 ஒரு சார்ஜில் 200 படம், ஜி7 எக்ஸ் மார்க் 3 235, ஆர்எக்ஸ்100 மார்க் 7 260. திரையைப் போட்டபடி யோசித்துக்கொண்டு நின்றால் இன்னும் குறையும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் விற்பனைக்கு வரும் கேமராக்களுக்கு யூஎஸ்பி-சி கட்டாயம் என்பதால் புதிய மாடல்கள் போன் சார்ஜரிலேயே ஏறும். பழைய மாடல் என்றால் எந்த வயர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மெனுவில் முதலில் மாற்ற வேண்டியது ஆட்டோ ஐஎஸ்ஓ (ஐஎஸ்ஓவைக் கேமராவே தேர்ந்தெடுப்பது). மேல் எல்லையை 1 இன்ச் கேமராவில் 3200, பெரிய சென்சாரில் 6400 என்று வையுங்கள். குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை அமைக்க வழியிருந்தால், ஆட்கள் இருக்கும் படங்களுக்கு 1/125, ஓடும் குழந்தைகளுக்கு 1/250 வையுங்கள். 1/60-இல் விட்டால் சுவர் கூர்மையாகவும் குழந்தை கலங்கியும் வரும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர், எதிரே இருப்பவர் அசைவதை நிறுத்தாது.

மெமரி கார்டுக்கு 64 ஜிபி, வி30 என்ற எழுதும் வேகக் குறியீடு போதும். புதுக் கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யும் முன், கணினியில் எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளால் முழுக்க நிரப்பிப் படித்துச் சோதியுங்கள். போலிக் கார்டு 64 என்று காட்டும். உள்ளே 8 இருக்கும், அதைத் தாண்டி எடுத்த படங்கள் திறக்காது. கார்டைத் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடியும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.