போல்ட் தலை உருண்ட பிறகு செய்யக்கூடாதவை

வீட்டிலேயே வண்டி வேலை பார்க்கத் தொடங்கிய பையன்கள் பலர் எங்கள் பட்டறைக்கு வருகிறார்கள். கையில் ஒரு கிளட்ச் கவரோ சிலிண்டர் ஹெட்டோ இருக்கும், அதில் ஒரு போல்ட் மாட்டிக்கொண்டிருக்கும். அந்த ஆர்வம் எனக்குப் பிடிக்கும், நானும் அப்படி ஆரம்பித்தவன்தான். ஆனால் கொண்டுவரும் சேதம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. சரியான சைஸ் ஸ்பேனர் போடுவது, நேராகப் பிடிப்பது இதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. தலை உருண்ட பிறகு, அதாவது அதன் முனைகள் தேய்ந்து ஸ்பேனரோ கீயோ பிடிக்காமல் போன பிறகு, என்ன செய்கிறார்கள் என்பதில்தான் காசு போகிறது.

உருண்டதையும் பிடித்துக்கொண்டதையும் ஒன்றாக நினைப்பது

முதலில் இதைப் பிரித்துப் பாருங்கள். கிளட்ச் கவரில் இருக்கும் 6 மி.மீ. ஆலன் போல்ட்டின் (தலையில் அறுகோணக் குழி உள்ளது) தலை உருண்டிருந்தால், உள்ளே மரை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தலைக்கும் கவருக்கும் நடுவே இருக்கும் இறுக்கம்தான் அதைத் திரும்ப விடாமல் வைத்திருக்கிறது. தலையை டிரில் போட்டு எடுத்துவிட்டால் அந்த இறுக்கம் போய்விடும். ஆலன் ஓட்டையே பிட்டை நடுவில் பிடித்துக்கொள்ளும். 6 மி.மீ. பிட் அல்லது அதைவிட மிகக் கொஞ்சம் பெரியது போதும். தலை வளையமாகப் பிட்டோடு சுற்ற ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். கவரைக் கழற்றினால் மிச்சத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வைஸ் கிரிப்பில் பிடித்துத் திருப்பினால் வந்துவிடும், பல நேரம் கையாலேயே வரும்.

மரை பிடித்துக்கொண்ட போல்ட் வேறு வகை. இரும்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அது இந்த வகைதான். அங்கே தலையை வெட்டினாலும் பிரச்சினை உள்ளேயே இருக்கும். சூடும் ரஸ்ட் ஸ்ப்ரேயும் பொறுமையும்தான் வழி. ஸ்ப்ரே அடித்து ஐந்து நிமிடத்தில் முறுக்காதீர்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும், நடுவில் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொடுங்கள்.

ஸ்டார் ஸ்க்ரூவில் கிடைத்த டிரைவரைப் போடுவது

ஆர்எக்ஸ் 100 மாதிரிப் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். அதன் இன்ஜின் கவர் ஸ்க்ரூக்களும் கார்புரேட்டர் ஸ்க்ரூக்களும் பார்க்க சாதாரண ஸ்டார் மாதிரி இருக்கும், ஆனால் அவை ஜப்பானிய ஜே.ஐ.எஸ். வடிவம். கடையில் கிடைக்கும் பிலிப்ஸ் டிரைவர் அதில் முழுதாக உட்காராது, அழுத்தித் திருப்பும்போது மேலே ஏறி வந்து வாயைத் தின்றுவிடும். ஜே.ஐ.எஸ். டிரைவர் முனையை இம்பாக்ட் டிரைவரில் (சுத்தியல் அடியைத் திருப்பு விசையாக மாற்றும் கருவி) போட்டு, சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. கவரின் 6 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3-ஆம் நம்பர் முனை வேண்டும். 2-ஆம் நம்பரை வைத்துக் கெடுப்பவர்கள்தான் அதிகம்.

ஈஸி அவுட்டோடு ஆரம்பிப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

சைலன்சரைக் கழற்றும்போது சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் ஸ்டட் (தலையில்லாத மரைத் தண்டு) முறிந்துவிடுகிறது. சின்ன வண்டிகளில் அது பெரும்பாலும் 6 மி.மீ. ஸ்டட். உடனே முறிந்ததை எடுக்கும் கருவி என்று ஒரு ஈஸி அவுட் செட் வாங்கி, முறிந்த ஸ்டட்டில் 3 மி.மீ. ஓட்டை போட்டு, இடது மரை வெட்டிய அந்தக் கூம்பை உள்ளே விட்டு முறுக்குகிறார்கள். டக்கென்று ஒரு சத்தம். ஈஸி அவுட் உள்ளேயே முறிந்து நிற்கும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 6 மி.மீ. தடிமன் உள்ள ஸ்டட்டே அந்தப் பிடிப்பைத் தாங்காமல் முறிந்திருக்கிறது. அதற்குள் போகும் 3 மி.மீ. கூம்பு எப்படித் தாங்கும்? முறுக்க முறுக்க அது ஆப்பு மாதிரி இறங்கி, ஸ்டட்டின் சுவரை வெளிப்பக்கம் தள்ளி, மரையை இன்னும் நெருக்குகிறது. ஈஸி அவுட் கடினமாக்கப்பட்ட எஃகு வேறு. அது வளையாது, முறியும். முறிந்த பிறகு சாதாரண எச்.எஸ்.எஸ். டிரில் பிட் அதைக் கடிக்காது, வழுக்கிப் பக்கத்தில் இருக்கும் மென்மையான அலுமினியத்துக்குள் இறங்கிவிடும்.

சமீபத்தில் ஒரு கல்லூரிப் பையன் கொண்டுவந்த ஹெட்டில் ஓட்டை முட்டை வடிவத்தில் இருந்தது. நடுவில் ஈஸி அவுட் துண்டு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று நின்றது. அதைச் சுற்றி அலுமினியம் பிறை பிறையாகத் தோண்டப்பட்டிருந்தது. "வீடியோல ரெண்டே நிமிஷத்துல கழண்டுச்சுண்ணா" என்றான். அது உண்மைதான் தம்பி, வீடியோவில் கழன்றது துருவே ஏறாமல் இருந்த போல்ட். சூட்டில் வெந்து வெந்து இறுகிப்போன சைலன்சர் ஸ்டட் இல்லை.

அந்த ஹெட்டை ஸ்பார்க் எரோஷன் மெஷின் இருக்கும் டூல் ரூமுக்குத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. கோவையில் கணபதி பக்கம் கேட்டால் காட்டுவார்கள். எண்ணெய்க்குள் செம்புக் கம்பியை இறக்கி, மின்பொறி விட்டு, துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து எடுப்பார்கள். எவ்வளவு கடினமான எஃகும் அதில் போய்விடும். பிறகு தோண்டிய ஓட்டையை லேத்தில் சரிசெய்து புஷ் போட வேண்டும், ஹெட்டைத் திரும்ப மாட்டப் புது கேஸ்கெட் வேண்டும். முறிந்த ஸ்டட்டின் விலையோ சில ரூபாய்.

ஸ்டட் முறிந்ததும் வந்திருந்தால் நட் வைத்து வெல்டிங் அடித்திருப்போம். முறிந்த முனைமேல் கொஞ்சம் பெரிய நட்டை வைத்து, நட்டின் ஓட்டை வழியாக ஸ்டட்டோடு சேர்த்துப் பற்றவைப்பது. இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது என்பதால் பயம் இல்லை. அந்தச் சூட்டில் ஸ்டட் விரிந்து, ஆறும்போது சுருங்கி, துருவின் பிடி உடைகிறது. சிவப்பு மறைந்ததும் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் கால் கால் சுற்றாக அசைத்தால் வந்துவிடும். முதல் தடவை நட் பிய்த்துக்கொண்டு வந்தால் இன்னொரு நட் வையுங்கள், ஒவ்வொரு சூட்டுக்கும் பிடி தளரும். வண்டியிலேயே வைத்துப் பற்றவைப்பதானால் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், எஃப்.ஐ. (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டியில் இ.சி.யு. என்ற இன்ஜின் கன்ட்ரோல் பெட்டியின் சாக்கெட்டையும் கழற்றுங்கள்.

ஈஸி அவுட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதிகமாக இறுக்கியதால் முறிந்து, மரை லூசாக இருக்கும் போல்ட்டுக்கு அது நன்றாக வேலை செய்யும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் தட்டினால் லேசாக நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் எடுங்கள். நகராவிட்டால் அதைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

மண்ணோடு ஆலன் கீயை விடுவது

குழிக்குள் சேறும் மண்ணும் கெட்டியாக இருந்தால் கீ பாதிதான் இறங்கும், அந்தப் பாதியிலேயே உருண்டுவிடும். ஊசியால் குத்திச் சுத்தம் செய்து, கீயைச் சுத்தியலால் தட்டி அடிவரை இறக்குங்கள். பந்து முனை கீயை முதல் திருப்புக்குப் பயன்படுத்தாதீர்கள். 5 மி.மீ. குழி லேசாக உருண்டிருந்தால் டி30 டார்க்ஸ் பிட்டை அடித்து இறக்கினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

டிஸ்க் போல்ட்டை வெறும் பலத்தில் முறுக்குவது

பல வண்டிகளில் டிஸ்க் போல்ட்டுக்குக் கம்பெனியிலேயே பசை போட்டிருக்கும். ஹாட் ஏர் கன்னில் நன்றாகச் சூடு காட்டிவிட்டு முறுக்குங்கள், கடினமான பசை தளர 250 டிகிரி வரை தேவைப்படும். டிஸ்க்கில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், பிரேக் வழுக்கும்.

கார்புரேட்டர் பக்கம் நெருப்பு

கூடவே கூடாது.

யமஹா வலப்பக்கக் கண்ணாடி

பல மாடல்களில் இடது மரை. கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போகிறார்கள்.

அழகுக்காக எஸ்.எஸ். போல்ட்

துருப்பிடிக்காது என்று நம்பி இன்ஜின் கவர் முழுக்க எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் மாற்றுகிறார்கள். எஸ்.எஸ். துருப்பிடிக்காதுதான், ஆனால் அதோடு ஒட்டியிருக்கும் அலுமினியம் ஈரத்தில் அரித்துப் பூத்துவிடும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரிக் கடற்கரை ஊர் வண்டிகளில் இது சீக்கிரமே வரும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் மரையில் ஆன்டி சீஸ் (மரை பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் கிரீஸ் மாதிரிப் பொருள்) தடவுங்கள். தடவிய மரை வழுக்கும் என்பதால் வழக்கத்தைவிடக் குறைவாக இறுக்க வேண்டும். எதுவும் தடவாத 6 மி.மீ. கவர் போல்ட்டுக்கே பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவுதான். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லாதவர்கள் ஆலன் கீயின் நீளப் பக்கத்தைக் குழியில் விட்டு, குட்டைப் பக்கத்தை விரலால் பிடித்து இறுக்கினால் அதிகமாகப் போகாது.