அப்பாவுக்குப் புரதப் பவுடர்: கட்டி தட்டாமல் கொடுத்த விதம்

டைபாய்டுக்குப் பிறகு அப்பாவுக்குத் தொடை, புஜமெல்லாம் வற்றிவிட்டது. சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் கொடுக்கச் சொன்னார் டயட்டீஷியன். 50 கிலோ ஆளுக்கு 60 முதல் 75 கிராம். ரசம் சாதத்தில் அது எங்கே கிடைக்கும்? முட்டை ஒன்றிலேயே சுமார் 6 கிராம்தான்.

மாம்பலத்தில் வே (whey) புரதப் பவுடர், அதாவது பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதம், வாங்கினேன். கொதிக்கிற பாலில் போட்டதும் திரிதிரியாக மிதந்தது; அப்பா டம்ளரைத் தள்ளிவிட்டார். அப்புறம் ஆறிய பால் கொஞ்சம் விட்டுக் குழைத்து, மீதியை வெதுவெதுப்பாகச் சேர்த்து, ஏலக்காய் தட்டிப் போட்டேன். குடித்தார். சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்தால் பசி அடங்கிவிடுகிறது, அதனால் பதினோரு மணிக்கும் மாலைக்கும் மாற்றினேன்.

பவுடர் மட்டும் போதாது, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியும் வேண்டும் என்றார் பிசியோ. அதற்குத்தான் முனகல். காபியைக் காட்டினால் எழுந்துவிடுவார்.